கல்யாண வெப்சைட் மூடிக் கிடக்கு

— பேச்சே கெடையாது லாயரு. நேரா போலீஸ்ல சொல்லி ஆளப் பிடிச்சு உள்ள வைக்கணும்.

— ஆண்ட்டி, மொதல்ல உக்காருங்க. வெப்சைட்ட மூடுனதுக்கெல்லாம் போலீஸ் யாரையும் பிடிக்காது.

— ஏன் பிடிக்காது? கோழி காணாமப் போனா ரிப்போர்ட் எழுதுறாங்கல்ல? எனக்கு ஒரு முழு கல்யாண வெப்சைட்டே காணாமப் போயிருச்சி!

— காணாமப் போவல பியா. மூடிட்டான்.

— ஏங்க, வாயத் தொறக்காதீங்கன்னு மாடிப்படியிலயே சொன்னேனா இல்லியா? லாயரு, இவரு என் வீட்டுக்காரரு, லூகாஸ். எங்க போனாலும் எதிர்க்கட்சி. ஃபீஸ் கேக்காமலே எனக்கு எதிரா வாதாடுவாரு.

— அது சரி.

— வாங்க அங்கிள். நான் பேட்ரிசியா. ஹெல்மெட்ட அந்த நாற்காலியில வைங்க. அது என்ன பொட்டலம்?

— கரிப்பாப்புமா, உருளக்கெழங்கு வச்சது. ரவாங் மார்க்கெட்டு முனையில சுடச்சுடப் போட்டுக்கிட்டு இருந்தான். சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க. பியா கதை கொஞ்சம் நீளம்.

— என்ன நீளம்? ரெண்டே வார்த்த. வெப்சைட்டு செத்துப்போச்சு, எழுப்பிக் குடுங்க.

— எந்த வெப்சைட்டு ஆண்ட்டி?

— கானாவூர் கல்யாணம்! என்ன முழிக்கிற? யேசுவே, ரவாங்ல ஆபீஸ் வச்சுக்கிட்டு கானாவூர் தெரியாதா? புக்கிட் செந்தோசாவுலேருந்து கோலசிலாங்கூர் வரைக்கும் நம்ம கிறிஸ்துவப் பிள்ளைங்களுக்குப் பொண்ணு மாப்பிள்ளை பாக்குற சைட்டு. நாந்தான் பியாட்ரிஸ் ஆண்ட்டி. க்ளவ் ஃபேக்டரியில ஆளக் குறைச்சப்ப என்னையும் அனுப்பிட்டாங்க. வீட்ல உக்காந்து நாள் பூரா இவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்க முடியுமா? ஆரம்பிச்சேன். இன்னிக்கி ஞாயித்துக்கெழம பூசையில நாலு குழந்த அழுவுதுன்னா, அதுல ரெண்டு நம்ம சைட்டுக் குழந்த!

— ஓ. கேள்விப்பட்டிருக்கேன்.

— அப்படிச் சொல்லு!

— பியா, லாயரம்மாவுக்கு என்னமோ மாதிரி ஆயிருச்சி. காரமா இருக்காம்மா? தண்ணி குடிங்க.

— ஒண்ணுமில்ல அங்கிள். சொல்லுங்க ஆண்ட்டி. எப்ப மூடுனாங்க?

— நேத்து, புதன்கெழம காலையில. காப்பி கலக்கிக்கிட்டே ஃபோனத் தொறக்குறேன், வெறும் வெள்ளப் பேஜு. நடுவுல ஒரே வரி: 'இந்தக் கணக்கு நிறுத்தப்பட்டுள்ளது.' அவ்ளோதான். ஏன்னு இல்ல, எதுக்குன்னு இல்ல. தண்ணிய கட்டு பண்றவன்கூட ஒரு நோட்டிசு வச்சிட்டுத்தான் கட்டு பண்றான்! அதே ஹோஸ்டிங்காரன்கிட்ட இருந்த மத்தவங்களுக்கும் போயிருச்சி. மோகனா டீச்சரோட டியூசன் சென்டர் சைட்டு, ஒரு டுரியான் கடை சைட்டு, எல்லாம் வெள்ள. டீச்சர் எனக்கு ஃபோன் அடிச்சு ஒரே அழுவ. சாயங்காலம் அவங்களுக்கெல்லாம் திரும்பி வந்திருச்சி. எனக்கு மட்டும் வரல.

— நோட்டட். ஆண்ட்டி, மனசுல வச்சுக்காம சொல்றேன். போனது போவட்டுமே? காப்பி ஏதாவது எடுத்து வச்சிருந்தா வேற கம்பெனியில போட்டுக்கங்க. இல்லன்னா விட்டுருங்க. இந்த மாதிரி சைட்டு இல்லாமலே சனங்க நல்லாத்தான் இருக்காங்க.

— கேட்டீங்களாங்க? காப்பாத்துன்னு வந்தா, கடையச் சாத்துங்குது லாயரு!

— காப்பி இருக்கும்மா. நான் எடுத்து வச்சிருக்கேன்.

— நிஜமாவா அங்கிள்? பென்டிரைவ்லயா?

— ஃபோன்ல. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து ஒவ்வொரு பேஜா போட்டோ புடிச்சேன்.

— எல்லா போட்டோலயும் இவரு கட்டவெரலு லாயரு! மாப்பிள்ள மூஞ்சி தெரியல, இவரு நகந்தான் தெரியிது. இத வச்சு எந்தப் பொண்ணுக்கு எவனக் காட்டறது?

— அது சரி.

— சிரிக்காத கண்ணு, எனக்கு வயிறெரியிது. ஒம்போது ஜோடி பாதிப் பேச்சுல நிக்கிது தெரியுமா? எங்க சைட்டுல ஒரு ரூலு. யாரும் யாருக்கும் ஃபோன் நம்பர் குடுக்கக் கூடாது. உள்ளுக்குள்ளயே எழுதிப் பேசிக்கணும். ரெண்டு வீட்டுப் பெத்தவங்களும் சரின்னு எங்கிட்ட சொன்னாத்தான் நம்பரு கைமாறும்.

— அது என்ன கெடுபிடி?

— ஆரம்பத்துல அப்படி இல்ல. ஒரு பையன் பொண்ணு வீட்டுக்கு நேரங்கெட்ட நேரத்துல ஃபோனப் போட்டு 'என்ன சாப்பிட்ட, என்ன சாப்பிட்ட'ன்னு கேட்டிருக்கான். அவங்க அப்பா பாராங்கத்தியத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டு கேட்டுல வந்து நின்னுட்டாரு. அன்னியிலேருந்து ரூலு போட்டேன். இப்ப பாரு, சைட்டு செத்ததும் ஒம்போது ஜோடிக்கும் ஒருத்தர ஒருத்தர் எப்படிப் புடிக்கிறதுன்னே தெரியல. ஒரு பையன் எங்கிட்ட கேக்குறான், 'ஆண்ட்டி, அந்தப் பொண்ணு கோச்சுக்கிட்டுப் பேசாம இருக்கா, இல்ல சைட்டு போனதால பேசாம இருக்கா?'ன்னு. நான் என்னத்தச் சொல்ல?

— பாவந்தான்.

— பாவம்னா எழுது! அது சரி, உன் வெரல்ல மோதிரம் இல்லியே. கல்யாணம் ஆயிருச்சா?

— இல்ல ஆண்ட்டி. அதப் பேச வேணாமே.

— சைட்டு எழுந்திரிச்சதும் மொத ஆளா உன்னைத்தான் போடுவேன். காசு வேணாம்.

— வேணவே வேணாம் ஆண்ட்டி. பட்டது போதும். விசயத்துக்கு வருவோம். ஹோஸ்டிங் கம்பெனி எது?

— கம்பெனியாவது ஒண்ணாவது. ஒரே ஒரு ஆளு. பத்தாங் காலி ரெய்மண்டு. வீட்டு மேல்மாடியில பொட்டி பொட்டியா அடுக்கி வச்சுக்கிட்டு சர்வருங்கறான்.

— எந்த ரெய்மண்டு?

— கம்ப்யூட்டர் ரெய்மண்டு லா. முப்பத்தொம்போது வயசு, சாந்தமான பையன். அவனும் எங்க சைட்டுல மெம்பருதான். மூணு வருசமா பொண்ணு தேடிக்கிட்டுக் கெடந்தான். இப்ப வெளியவே ஒண்ணப் பாத்து முடிச்சிட்டான்.

— முடிச்சிட்டாரு.

— ஆமா. ஏன் கண்ணு?

— ஒண்ணுமில்ல. நோட்டட். பேனா எங்க... சரி. ஆண்ட்டி, சட்டத்துல என்னென்ன வழி இருக்குன்னு ஒண்ணு விடாம சொல்றேன். இந்தக் கேஸ நான் எடுத்துக்கறேன். ஃபீஸ் வேணாம்.

— இப்பதானம்மா விட்டுருங்கன்னு சொன்னீங்க?

— தனி ஆளுன்னு தெரியாம சொன்னேன் அங்கிள். பெரிய கம்பெனின்னா எங்கயோ ஒரு மெசினு மூடியிருக்கும். தனி மனுசன் மூடுனா, தெரிஞ்சே மூடுனதுதான? சொல்லாமக் கொள்ளாம கதவச் சாத்துற ஆளுங்கள எனக்கு ஆவாது.

— அப்பாடா! இவ லாயரு. நான் மொதல்ல பயந்துட்டேன்.

— மொதக் கேள்வி. எதுல கையெழுத்து போட்டீங்க?

— கையெழுத்தா? நாசி லெமாக் கடையில பேசிக்கிட்டது கண்ணு. அவன் போட்டோவ நான் எங்க சைட்டுல காசில்லாம வச்சு, கடைசி வரைக்கும் பொண்ணு பாத்துக் குடுக்கணும். அவன் எங்க சைட்ட அவன் பொட்டியில காசில்லாம வச்சுக்கணும். நாசி லெமாக்குக்கு மட்டும் இவரு குடுத்தாரு.

— எழுத்துல ஒண்ணுமே இல்லியா?

— இல்ல. போச்சா?

— போவல. வாயால பேசினாலும் ஒப்பந்தம் ஒப்பந்தந்தான். பணம் கைமாறலன்னாலும், அவரு உங்களுக்கு ஒண்ணு செஞ்சாரு, நீங்க அவருக்கு ஒண்ணு செஞ்சீங்க. சட்டத்துக்கு அது போதும். நிறுத்தணும்னா எவ்வளவு முன்னாடி சொல்லணும்னு பேசிக்கிட்டீங்களா?

— அதெல்லாம் யாரு பேசுவா?

— நல்லதாப் போச்சு. பேசலன்னா நியாயமான அவகாசம் குடுத்திருக்கணும்னு நாம வாதாடலாம். பெரிய கம்பெனிங்க 'எப்ப வேணும்னாலும் மூடுவோம்'னு பொடி எழுத்துல எழுதி வச்சு தப்பிச்சுக்கும். இவருக்கு அந்தப் பொடி எழுத்துகூட இல்ல. மாட்டிக்கிட்டாரு.

— பாருங்களேன், கண்ணு எப்படி மின்னுது பொண்ணுக்கு!

— ரெண்டாவது, உள்ள இருக்கற விவரம். மெம்பருங்க போட்டோ, வயசு, அட்ரஸு எல்லாம் உங்கள நம்பிக் குடுத்தது. சைட்ட மூடினாலும் அத அவரு புடிச்சு வச்சுக்க முடியாது. ஒரு காப்பி எடுத்து உங்க கையில குடுக்கணும். அத மொதல்ல கேப்போம். மூணாவது, கானாவூர்ங்கற அட்ரஸு. அது யார் பேர்ல பதிஞ்சிருக்கு?

— அவன் பேர்லதான். எனக்கு அதெல்லாம் புரியாதுன்னு அவனே பதிஞ்சுட்டான்.

— ஐயோ ஆண்ட்டி! வீடு உங்களுது, வாசல்ல பேர்ப்பலக அவருதா? சரி, அதையும் மாத்தித் தரச் சொல்லுவோம்.

— பயனீட்டாளர் தீர்ப்பாயம்னு ஒண்ணு இருக்கே, அங்க போனா? மோகனா டீச்சர் ஃப்ரிட்ஜு கேசுல அங்கதான் ஜெயிச்சாங்க.

— ஃப்ரிட்ஜு வீட்டுக்கு வாங்கினது ஆண்ட்டி. நீங்க நடத்துறது தொழிலு. அங்க எடுத்துக்க மாட்டாங்கன்னுதான் நெனைக்கிறேன். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டுல சின்ன வழக்குப் போடலாம், செலவு கம்மி. ஆனா அங்க லாயரு வந்து உங்களுக்காகப் பேச முடியாது. நீங்களேதான் பேசணும்.

— பியா பேசினா ஜட்ஜு பாவம்.

— அங்கிள், அதோட அது பணம் கேக்குற எடம். ஆண்ட்டிக்கு வேண்டியது பணம் இல்ல, சைட்டு. அதுக்கு 'ஒடனே தொறந்து விடு'ன்னு கோர்ட்டு உத்தரவு வாங்கணும். பெரிய செலவு. பரவால்ல, நாந்தான் ஃபீஸ் வேணாங்கறேனே. அதுக்கு முன்னாடி ஒரு நோட்டிசு அனுப்பணும். இன்னிக்கே அனுப்பறேன். இப்படி ஆரம்பிக்கலாம்: 'மூன்று ஆண்டுகளாக நல்லவர் போல் நடித்து, இனிக்க இனிக்கப் பேசி, நம்பியவரை நட்டாற்றில் விட்டு...'

— ஆ? எங்கிட்ட எங்க இனிக்க இனிக்கப் பேசினான்?

— சட்டத்துல அப்படித்தான் எழுதுவோம் ஆண்ட்டி.

— அது சரி.

— இன்னொண்ணு. கோர்ட்டுல மொதல்ல கேப்பாங்க. மத்தவங்களுக்கெல்லாம் தொறந்து விட்டவரு, உங்கள மட்டும் ஏன் மூடி வச்சிருக்காரு? நீங்க என்ன பண்ணீங்க?

— நானா? நான் நல்லதுதான் பண்ணேன்! ரிப்பன் கட்டி விட்டேன்.

— என்ன ரிப்பன்?

— யாருக்காவது கல்யாணம் முடிவாயிருச்சின்னா, அவங்க போட்டோ மேல குறுக்கால ஒரு செவப்பு ரிப்பன் போட்டுருவேன், 'மணமாகிவிட்டது'ன்னு. ரெண்டு புறா பறக்கும். அதுக்கப்புறம் அந்தக் கணக்கு பூட்டிக்கும், யாரும் எழுத முடியாது. போன ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சி, யாருக்கு யாரோட கல்யாணம்னு கல்யாண ஓல வாசிச்சாங்க. 'பத்தாங் காலியைச் சேர்ந்த ரெய்மண்ட்'னு ஃபாதர் சொன்னாரு பாரு, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவரு தொடையில ஒரு கிள்ளு கிள்ளினேன்.

— ரத்தங் கட்டிருச்சி. பியா, அந்த ஓலையில...

— நீங்க இருங்க! மூணு வருசமா அவனுக்காக எத்தன வீட்டு வாசப்படி ஏறியிருப்பேன்? வெளியில ஒரு பொண்ணப் பாத்துக்கிட்டு, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. ஒரு கார்டு கெடையாது. ஓலையில கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா நான்? கோவத்த அடக்கிக்கிட்டு வீட்டுக்குப் போனதும் மொத வேலையா ரிப்பனப் போட்டேன். புறா ரெண்டுக்குப் பதிலா நாலு போட்டேன், பாத்து நோவட்டும்னு. சாயங்காலத்துலேருந்து அவன் ஃபோன் அடிச்சுக்கிட்டே இருந்தான். நான் எடுக்கவே இல்ல. இப்ப வந்து அழைக்கிறியா நீ, போடான்னு விட்டுட்டேன்.

— அவருக்கு உங்க சைட்டுல பேச்சு ஏதும் நடந்துக்கிட்டு இருந்ததா?

— அதச் சொன்னா எனக்கு அழுவ வரும். நூத்திப் பன்னெண்டாம் நம்பரு. கோலசிலாங்கூர்ப் பொண்ணு. பேரு மேரி. எங்க சைட்டுல பாதிப் பொண்ணுங்க மேரிதான், அதனாலதான் நம்பரு. ஆபீஸ் வேலைன்னு அவங்க அம்மா போட்டிருந்தாங்க. போட்டோவுல இடுப்பு வரைக்கும் முடி கண்ணு, அப்படி ஒரு லட்சணம். ரெண்டு பேரும் ஆறு மாசமா எழுதிக்கிட்டு இருந்தாங்க. நான்கூட நெனச்சேன், அடுத்த ரிப்பன் இதுங்களுக்குத்தான்னு. அவன் என்னடான்னா அங்க ஒண்ணு, இங்க ஒண்ணு! ரிப்பனப் பாத்ததும் அந்தப் பொண்ணு அவன பிளாக் பண்ணிருச்சி. அவங்க அம்மா என்னையக் கூப்புட்டு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டு, அவங்களும் என்னையப் பிளாக் பண்ணிட்டாங்க.

— பொண்ணு செஞ்சது சரிதான்.

— சரிதான்னு நானுஞ் சொல்றேன். ஆனா பாவம், எவ்வளவு ஆசையா இருந்திருக்கும்?

— அத விடுங்க. நோட்டிசு எழுதுவோம்.

— நான் ஒண்ணு சொல்லவா? கேசுக்கு முன்னாடி அவனுக்கு ஒரு ஃபோன் அடிச்சா என்ன?

— வேணாங்க!

— வேணாம் அங்கிள்!

— ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கத்தறீங்களே. நான் அடிக்கிறேன். ஸ்பீக்கருல போட்டு மேசையில வைக்கிறேன். பேச இஷ்டம் இல்லாதவங்க கரிப்பாப்பு சாப்பிடுங்க.

— ஹலோ, லூகாஸ் அங்கிள்? கடவுளே! ஒரு நிமிசம், வைக்காதீங்க அங்கிள், வச்சிராதீங்க!

— வைக்கல ரெய்மண்டு. பியா பக்கத்துல இருக்கா. லாயரும் இருக்காங்க.

— லாயரா? எதுக்கு அங்கிள்?

— எதுக்கா? எஞ் சைட்ட மூடினியேடா! ஒம்போது ஜோடி ஆத்துல விட்ட மாதிரி நிக்கிதுடா! கல்யாணங் கட்டிக்கப் போறவன் பண்ற வேலையா இது?

— எந்தக் கல்யாணம் ஆண்ட்டி? எனக்கு எங்க கல்யாணம்?

— நடிக்காத! ஓல வாசிச்சாங்க, எங் காதால கேட்டேன்!

— ஆண்ட்டி, அது ரெய்மண்ட் செல்லையா. லோரி ஓட்டுறாரே, அவரு. நான் ரெய்மண்ட் காப்ரியல். அப்பா பேரையும் சேத்துத்தான வாசிச்சாரு ஃபாதரு?

— அப்பா பேரா?

— அதச் சொல்லத்தான் பியா கோயில்ல வாயெடுத்தேன். நீ கிள்ளிட்ட. மறுபடி இங்க வாயெடுத்தேன். நீங்க இருங்கன்னுட்ட.

— ஐயோ. ஐயோ யேசுவே. இத ஏங்க வீட்ல சொல்லல?

— நீ ரிப்பன் போட்டது எனக்கு எப்படித் தெரியும்? இப்பத்தான் கேக்கறேன்.

— ஆண்ட்டி, ஞாயித்துக்கெழமையிலேருந்து நான் படுற பாடு உங்களுக்குத் தெரியாது லா. தெரிஞ்சவன் தெரியாதவன் எல்லாம் வாழ்த்துச் சொல்றான். வேலைக்குப் போற எடத்துல கேக்கு வெட்டிட்டாங்க. உங்களுக்கு அடிச்சா எடுக்க மாட்டேங்கறீங்க. ரிப்பனக் கழட்டணும்னா நான் உங்க சைட்டுக்குள்ள பூந்து கை வைக்கணும். அது தப்பு. என் கையில இருக்கறது வாசக் கதவு மட்டுந்தான். யாரும் அந்தப் புறாவப் பாக்காம இருக்கட்டும்னு சாத்திட்டேன். கோவத்துல மெயின் சுவிட்ச அமுக்கி எல்லாரு சைட்டும் போயிருச்சி. அதுக்கு ஒவ்வொருத்தருக்கா ஃபோன் போட்டு மன்னிப்புக் கேட்டுட்டேன். டீச்சரு இன்னும் திட்டுறாங்க.

— எங்கிட்ட மட்டும் கேக்கல?

— நீங்க ஃபோன எடுத்தாத்தான ஆண்ட்டி! சரி, நான் சொல்லாம மூடினது தப்புதான். ஆனா மொதல்ல மூடினது யாரு? என் கணக்கப் பூட்டறதுக்கு முன்ன 'ரெய்மண்டு, உனக்குக் கல்யாணமா'ன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா?

— லாயரு, இதுக்கு சட்டம் என்ன சொல்லுது? சீக்கிரம் சொல்லு.

— அதே சட்டந்தான் ஆண்ட்டி. கடைசி வரைக்கும் பொண்ணு பாத்துத் தரேன்னு நீங்கதான பேசினீங்க? நியாயமான அவகாசம் குடுக்காம ஒப்பந்தத்த மொதல்ல நிறுத்தினது நீங்க. அவரும் உங்க மேல போடலாம்.

— போச்சுடா! பேனாவ எடுத்து எழுதினியே, அந்த நட்டாத்துல விட்டது?

— அத அடிச்சிட்டேன் ஆண்ட்டி.

— நான் எந்தக் கேசும் போடல மேடம். ஆண்ட்டி, சைட்ட இப்பவே தொறந்து விடறேன். அட்ரஸும் உங்க பேருக்கு மாத்திடறேன், அப்பவே பண்ணியிருக்கணும். ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்ங்க. அந்த நூத்திப் பன்னெண்டு. அவங்ககிட்ட எனக்குக் கல்யாணம் ஆவலன்னு யாராச்சும் சொல்லணும். பிளாக் பண்ணிட்டாங்க. நாளான்னிக்கு சனிக்கெழம, அவங்க அம்மாவப் பாத்துப் பேசறேன்னு சொல்லியிருந்தேன். பொறந்து வளந்தது கோலசிலாங்கூராம், ஆனா மின்மினிப்பூச்சி பாக்குற படகுல ஒரு தடவகூட ஏறினது இல்லையாம். அம்மாவையும் கூட்டிக்கிட்டுப் போலாம்னு டிக்கெட்டு எடுத்து வச்சிருக்கேன்.

— நம்பரு எங்கிட்ட இருந்ததே அவங்க அம்மா நம்பருதான்டா. அதுல நான் அடிச்சா விழுவல. இவரு ஃபோன்லேருந்து அடிச்சும் பாத்தேன், என் குரலக் கேட்டதும் டப்புன்னு வச்சு அதையும் பிளாக் பண்ணிட்டாங்க. நான் என்னடா செய்வேன்? எங் கையாலயே உங் குடியக் கெடுத்தேனே!

— அழுவாதீங்க ஆண்ட்டி. நீங்க அழுதா எனக்கும் வரும்.

— மிஸ்டர் ரெய்மண்ட், ஒரு கேள்வி. சர்வரு உங்க கையில. மெம்பருங்க விவரம் எல்லாம் அந்தப் பொட்டிக்குள்ளதான் இருக்கு. அந்தப் பொண்ணோட சொந்த நம்பர நீங்களே பாத்து எடுத்திருக்கலாமே? யாருக்குத் தெரியப் போவுது?

— எடுக்கலாம் மேடம். ஒரு நிமிச வேல. அஞ்சு நாளா அந்தப் பொட்டி முன்னாலதான் உக்காந்திருக்கேன். ஆனா தொறக்கல. அது அவங்க ஆண்ட்டிய நம்பிக் குடுத்தது, எங்கிட்ட குடுத்தது இல்ல. திருட்டுத்தனமா நம்பரு எடுத்துக் கூப்புட்டா, நான் நல்லவன்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு? அவங்களா பாத்து, அவங்களா தொறந்தாத்தான் சரி.

— நோட்டட்.

— மேடம், ஒரு நிமிசம். இப்ப என்ன சொன்னீங்க?

— ஒண்ணுமில்ல.

— இல்ல, அந்த வார்த்த... ஆறு மாசமா படிச்ச வார்த்த. மேடம், நீங்க எந்த ஊரு?

— அது சரி. பியா, பொட்டலத்த மடி. நாம கீழ போயி ஒரு டீ குடிப்போம்.

— என்னங்க நீங்க, கேசு பாதியில நிக்கிது, டீயா? லாயரு, நீ சொல்லு. நோட்டிச விடு. கோலசிலாங்கூர்க்காரிய எப்படிக் கண்டுபிடிக்கிறது? கோர்ட்டுல உத்தரவு வாங்க முடியுமா? ஏன் கண்ணு இப்படி உக்காந்திருக்க? கண்ணுல என்ன தண்ணி?

— மன்னிச்சுக்கங்க ஆண்ட்டி. இந்தக் கேஸ நான் எடுக்க முடியாது. எதிர்த்தரப்பு தனக்கு வேண்டிய ஆளுன்னா லாயரு வெலகிக்கணும், அது எங்க தொழில்ல ரூலு.

— எதிர்த்தரப்பு உனக்கு வேண்டியவனா? ரெய்மண்ட உனக்கு எப்படித் தெரியும்?

— ரெய்மண்ட், ஃபோன வச்சிராதீங்க. மேரி பேட்ரிசியாதான் பேசறேன். சனிக்கெழம வரும்போது அந்தப் போட்டோவத் தேடாதீங்க... அம்மா பழசப் போட்டுட்டாங்க, அந்த முடிய வெட்டி எனக்கு நாலு வருசமாச்சு.